வயலினுக்கு விலை குறைவான, உறுதியான பெட்டி: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி

முழு அளவு (4/4) வயலின். கூடவே வந்த பெட்டி நுரையால் ஆனது, மேலே துணி. மூடியை உள்ளங்கையால் அழுத்தினால் உள்ளே போகிறது, ஜிப்பும் பிடிப்பதில்லை. நெரிசலான பேருந்தில் எடுத்துப் போக வேண்டும். கார்பன் ஃபைபர் கட்டுப்படியாகாது. பிளைவுட் நீள்சதுரப் பெட்டியா, வயலின் வடிவ ஃபைபர் கிளாஸ் பெட்டியா? இல்லை, பழையதையே சரிசெய்ய முடியுமா? ஷோல்டர் ரெஸ்ட்டும் (தோளில் பதிய வயலினுக்கு அடியில் மாட்டும் தாங்கி) இரண்டு வில்லும் உள்ளே அடங்க வேண்டும்.

மறுமொழி 1

ஓடு எதனால் ஆனது என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் வயலின் உள்ளே எப்படி உட்கார்கிறது என்று பாருங்கள். நல்ல பெட்டியில் பின்பலகையின் நடுப்பகுதி பெட்டியின் அடியைத் தொடாது. கழுத்து உடலோடு சேரும் இடத்துக்கு அடியிலும், சின் ரெஸ்ட் (தாடை வைக்கும் தாங்கி) இருக்கும் கடைசி முனைக்கு அடியிலும் மெத்தை இருக்கும். உள்ளே கட்டைகள் வைத்து வலுவாக்கிய இடங்கள் அவை. வயலின் அந்த இரண்டின் மேல்தான் நிற்கும். தட்டையான அடியில் படுத்திருந்தால், பெட்டி கீழே விழும் அதிர்ச்சி நேராகப் பின்பலகைக்குப் போய், சவுண்ட் போஸ்ட் (உடலுக்குள் இரு பலகைகளுக்கும் இடையே நிற்கும் சிறு மரக்குச்சி) நிற்கும் இடத்தில் விரிசல் விடும். அது பழுதுகளிலேயே செலவு பிடிப்பது. கழுத்தின் நுனியில் உள்ள சுருளும் எந்தப் பக்கமும் தொடக்கூடாது.

அடுத்தது மேல் இடைவெளி. வயலினை வைத்துவிட்டு, பெட்டியின் விளிம்பு மட்டத்திலிருந்து பிரிட்ஜ் (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு மூடியின் உள் ஆழத்தை அளங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 10 மி.மீ.க்குக் குறைந்தால் வேண்டாம். மூடியில் மாட்டும் வில் பிரிட்ஜுக்கு நேர் மேலே வரும் பெட்டி என்றால் மூடியிலிருந்து அளக்காமல் வில்லின் குச்சியிலிருந்து அளக்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

மறுமொழி 2

உங்கள் தேவைக்கு பிளைவுட் நீள்சதுரம்தான். வயலின் வடிவப் பெட்டியில் ஷோல்டர் ரெஸ்ட்டுக்குப் பெரும்பாலும் இடம் இருக்காது. பிளைவுட்டில் எடை மட்டும் கூடும், 2.5 முதல் 3.5 கிலோ வரை வரலாம். மலிவான ஃபைபர் கிளாஸில் ஓடு மெல்லியதாக இருந்தால் கூட்டத்தில் அதுவும் வளையும்.

நீள்சதுரமாக இருப்பதெல்லாம் பிளைவுட் இல்லை. நுரைப் பெட்டிக்கும் அதே துணியைப் போர்த்தி விற்கிறார்கள். மூடியை விரல் முட்டியால் தட்டுங்கள். பலகை என்றால் கணீரென்று கேட்கும், நுரை என்றால் மொத்தென்று அடங்கும்.

பெட்டி உடைவதைவிட, தோளிலிருந்து நழுவி விழுவதுதான் அதிகம். தோள்பட்டைக் கொக்கி பிளாஸ்டிக்கா என்று பாருங்கள். அப்படியானால் உலோகக் கொக்கியாக மாற்றிவிடுங்கள், செலவு சொற்பம். வளையங்களும் கைப்பிடியும் ஓட்டின் உள்பக்கம் தகடு வைத்து போல்ட் அல்லது ரிவெட்டால் பிடித்திருக்க வேண்டும். துணியோடு மட்டும் தைத்திருந்தால் தையல் பிரியும். ஜிப்போடு ஒரு பூட்டுத் தாழ்ப்பாளும் இருந்தால் நல்லது. ஜிப் போட மறந்து தூக்கினாலும் மூடி திறக்காது.

மறுமொழி 3

பழையதைச் சரிசெய்ய: கெட்டியான நுரையில் 20 மி.மீ. தடிமனுக்கு இரண்டு துண்டு வெட்டி, மேலே சொன்ன இரண்டு இடங்களில் ஒட்டலாம். பின்பலகையின் வளைவே சுமார் 15 மி.மீ. வரும் என்பதால் அதைவிட மெலிந்த துண்டு பயன்படாது. கழுத்துக்கு அடியில் இருக்கும் தாங்கியையும் அதே அளவு உயர்த்த வேண்டும், இல்லையென்றால் சுருள் தொங்கும். நுரை வார்னிஷில் நேராகப் படாதபடி துணி சுற்றுங்கள். சாயத் துணியானால் ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்து நிறம் ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டு. ரப்பர் பசையின் ஆவி வார்னிஷைக் கெடுக்கும். வாசனை முழுதும் போகும்வரை, குறைந்தது மூன்று நாள், பெட்டியைத் திறந்தே வையுங்கள்.

கேட்டவர்

நன்றி. அளந்து பார்த்தேன். பிரிட்ஜ் விளிம்புக்கு மேல் 36 மி.மீ., மூடியின் ஆழம் 48. வயலின் இப்போது அடியில் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நுரை வைக்கலாமா?

மறுமொழி 3

வேண்டாம். இப்போது உள்ள இடைவெளி 12 மி.மீ. நுரைத் துண்டு வயலினை 5 முதல் 10 மி.மீ. வரை தூக்கினால் மிச்சம் 2 முதல் 7தான். அழுத்தினால் உள்ளே போகும் மூடிக்கு அது போதாது. நெரிசலில் மூடி பிரிட்ஜை அழுத்தி மேல்பலகையைப் பிளந்துவிடும். புதிதாகவே வாங்குங்கள். அதுவரை பழையதில் எடுத்துப் போவதானால் மூடியில் உள்ள வில்களைக் கழற்றித் தனியாக வையுங்கள், நிற்கும்போது பெட்டியை முன்பக்கம் அணைத்துப் பிடியுங்கள்.

மறுமொழி 1

ஒன்று சேர்க்கிறேன்: வாங்கப் போகும்போது வயலினை, சின் ரெஸ்ட் கழற்றாமல், கையோடு கொண்டுபோங்கள். உடல் நீளம் 356 மி.மீ. என்று ஒத்துப்போனாலும் சின் ரெஸ்ட்டின் உயரம் வயலினுக்கு வயலின் மாறும். சிலவற்றில் மூடியைத் தொடுவது பிரிட்ஜ் இல்லை, அதுதான்.