மெக்சிகோவில் பெசோ கைக்கு வந்த கதை: உங்களுக்கு என்ன நடந்தது?

தூரதேசி

கான்கூன் விமான நிலையம், 2023 ஜூலை. டாக்சிக்குப் பணம் வேண்டும். தோளில் தூங்கும் குழந்தை, பின்னால் நாலு பேர் வரிசை. ஏடிஎம்மில் 5,000 பெசோ என்று அடித்தேன். கட்டணம் உண்டு என்றது, சரி என்றேன். அடுத்த திரை: ஒரு டாலருக்கு 15.3 பெசோ, ஏற்கிறீர்களா? ஏற்பதற்குப் பக்கத்தில் பளிச்சென்று பச்சை. மறுத்தால் பணமே வராது என்று நினைத்துப் பச்சையை அமுக்கிவிட்டேன்.

அன்றைக்குச் சந்தையில் டாலர் 17 பெசோவை ஒட்டி இருந்தது. ஹோட்டலில் உட்கார்ந்து கணக்குப் போட்டால், 294 டாலர் போக வேண்டிய இடத்தில் 327 போயிருக்கிறது. கட்டணம் தனி. 33 டாலரில் குடி முழுகிவிடாது, ஆனால் அந்தப் பச்சை கண்ணைவிட்டுப் போகவில்லை. நாலு நாள் கழித்து மெரிதாவில் வேறு ஏடிஎம், அதே கேள்வி. இந்தத் தடவை 'ரெச்சாசார்', அதாவது வேண்டாம். இரண்டு மூன்று நொடி ஒன்றுமே இல்லை. கார்டும் போச்சு என்று நினைக்கும்போது உள்ளே கடகடவென்று நோட்டு எண்ணும் சத்தம். மறுத்தாலும் பணம் வரும், பெசோவை டாலராக்கும் கணக்கை நம் வங்கி பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான் விஷயம். யாராவது எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

மஞ்சப்பை

ஸ்டாம்பிங்குக்கு, அதாவது பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா குத்திக்கொள்ள, மான்டெரே போனவர்களுக்கு நடைமுறை தெரியும், விளக்கவில்லை. பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் கொடுத்துவிட்டு ஹோட்டலில் காத்திருக்கும் நாட்கள். இரண்டாம் நாள் டெபிட் கார்டு வேலை செய்யவில்லை. மோசடியோ என்று வங்கி முடக்கிவிட்டது. 'நீங்கள்தானா?' என்று கேட்கும் குறுஞ்செய்தி என் அமெரிக்க எண்ணுக்குப் போகும், அதற்கு ரோமிங் போடவில்லை. பையில் 200 டாலர் ரொக்கம் இருந்தது. பயமில்லை, மாற்றிக்கொள்ளலாம் என்று காசா தே காம்பியோவுக்கு, அதாவது பணம் மாற்றும் கடைக்குப் போனேன்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கேட்ட முதல் வார்த்தை 'பசப்போர்த்தே'. நகலைக் காட்டினேன். தலையாட்டல். போனில் படம். தலையாட்டல். டெக்சாஸ் ஓட்டுநர் உரிமம். அதை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு நீட்டினாள். அப்புறம் தூதரகம் இருக்கும் திசையில் கையைக் காட்டி, 'விசா?' என்று சிரித்தாள். தினமும் என்னைப் போல எத்தனை பேரைப் பார்ப்பாளோ. கேலியில்லை அது, பாவம் என்கிற சிரிப்பு. அதுதான் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

கடைசியில் மாற்றிக்கொடுத்தது, ஹோட்டலில் காலைச் சாப்பாட்டுக்கு வந்திருந்த ஒரு தெலுங்குப் பையன். போன் கால்குலேட்டரில் தசமம் வரை போட்டுக் கொடுத்தான்.

ரயிலடி

இருவரும் தயாரிப்பில்லாமல் போனதுதான் காரணம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தூரதேசி தம்பி, விமான நிலையத்தில் எதற்கு 5,000? டாக்சிக்குத் தேவையானதை எடுத்துவிட்டு மீதியை ஊருக்குள் எடுத்திருக்க வேண்டும்.

எனக்கு நடந்தது சின்ன விஷயம். மெக்சிகோ சிட்டி விமான நிலையத்தில் போர்டில் பெரிய எழுத்தில் இருந்த விலையை நம்பி உள்ளே போனேன். அது 'வென்தா', அவர்கள் டாலரை விற்கும் விலை. நம்மிடம் வாங்குவது 'கோம்ப்ரா', அது குறைவு. வெளியே வந்து அடுத்தடுத்த கடைகளின் கோம்ப்ராவைப் பார்த்தேன், மூன்றாவது கடையில் நல்ல விலை. அவ்வளவுதான்.

இனி போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் ரூபாயைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள், அங்கே மாற்ற ஆளில்லை. டாலர் கொண்டுபோனால் கசங்காத, கிறுக்காத நோட்டாக இருக்கட்டும். ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் ரொக்கமாக எடுத்துப் போகலாம், மீதி கார்டில். நம்மூர் கார்டுகள் 2020-க்குப் பிறகு உள்நாட்டுக்கு மட்டும்தான் திறந்து வருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆப்பில் நீங்களே திறக்க வேண்டும், கிளம்பும் முன்பே. மெக்சிகோவில் 2010-லேயே ரொக்க டாலருக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. வங்கியில் வெளிநாட்டுக்காரர் மாதத்துக்கு 1,500 டாலர் வரைதான் மாற்றலாம். போதைக் கும்பல் பணத்தை அடைக்கப் போட்ட விதி, நாமும் அதற்குள்தான் வருகிறோம். ஏடிஎம் என்றால் வங்கிக் கட்டடத்துக்குள் இருப்பது, அதுவும் வங்கி திறந்திருக்கும் நேரத்தில். கார்டை விழுங்கினால் உள்ளே போய்க் கேட்க ஆள் இருக்கும். கட்டணத்தின் மேல் 16 சதவீத வரி உண்டு, திரையில் சேர்த்துப் பாருங்கள். பெசோவுக்கும் டாலருக்கும் ஒரே குறி, எஸ் எழுத்தில் கோடு போட்டது. கடற்கரை ஊர்களில் சில ஏடிஎம்கள் டாலரும் தரும், என்ன எடுக்கிறோம் என்று பார்த்து அமுக்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பாஸ்போர்ட் எப்போதும் கையில் இருக்க வேண்டும்.

மஞ்சப்பை

ரயிலடி சார், தூதரகத்தில் இருக்கும் பாஸ்போர்ட்டை எப்படிக் கையில் வைத்திருப்பது?

ரயிலடி

பொதுவாகச் சொன்னேன்.

சில்லறை

ஏடிஎம்மில் ஒழுங்காக எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று யாரும் நினைக்காதீர்கள். 2019, புவெப்லாவிலிருந்து ஒவஹாக்கா போகும் வழி. பெட்ரோல் 480 பெசோ. 500 நோட்டைக் கொடுத்தேன். அந்த ஆள் ஒரு தடவை திரும்பினான், மறுபடி பார்த்தால் கையில் 20. 'இன்னும் 460' என்கிறான்.

அப்போது போனவர்களுக்கு இது புரியும். புது 500-ம் நீலம், பழைய 20-ம் நீலம், இரண்டிலும் அதே முன்னாள் அதிபர் பெனித்தோ ஹுவாரெஸ் படம். 500 வந்தது 2018-ல், அந்த ஊர்க்காரர்களே குழம்பிப் போன நோட்டு. நான் குழம்பவில்லை. ஒரு மணி நேரம் முன்னால்தான் அந்த நோட்டின் பின்பக்கத்தில் இருக்கும் திமிங்கிலத்தை மகளுக்குக் காட்டியிருந்தேன். குட்டியோடு இருக்கும், அழகான படம். 20-ல் ஏது திமிங்கிலம்?

ஸ்பானிஷில் திமிங்கிலத்துக்கு என்ன என்று தெரியாமல் இரண்டு கையையும் விரித்து, வாயால் ஊதி, தண்ணீர் பீய்ச்சுகிற மாதிரி காட்டினேன். பக்கத்துப் பம்ப்பில் நின்ற இரண்டு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. நான் கடைசியில் 460-ஐ எண்ணிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். பின்சீட்டிலிருந்து மகள், 'அப்பா, திமிங்கிலத்தை அவரே வச்சுக்கிட்டாரா?' என்றாள்.

இப்போது 20 பச்சையாகிவிட்டது, அந்தக் குழப்பம் இல்லை. ஆனாலும் பெரிய நோட்டை நீட்டும்போதே 'கினியென்தோஸ்', அதாவது ஐந்நூறு, என்று உரக்கச் சொல்வேன். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். சொல்வேன்.

ரயிலடி அண்ணே, உங்கள் பட்டியலில் இதற்கு ஒன்றும் காணோம்.

ரயிலடி

கார்டில் கட்டியிருக்கலாம்.

கோவைக்காரி

ஓல்போஷ் தீவு. சிக்கிலாவிலிருந்து படகு, தெருவெல்லாம் மணல், கார் கிடையாது. ஏடிஎம் விரல்விட்டு எண்ணும் அளவுதான். போய்ச் சேர்ந்தது 15-ஆம் தேதி. மாதத்தில் 15-ம் கடைசி நாளும் அங்கே சம்பள நாள், 'கின்சேனா' என்பார்கள். எனக்குத் தெரியாது. வரிசை தெருமுனை வரை. சரி, ஏதோ திருவிழா என்று நானும் நின்றேன், முக்கால் மணி நேரம்.

எனக்கு முன்னால் ஒரு அம்மா, ஏதோ ஹோட்டலின் சீருடை, துணியெல்லாம் பிளீச் வாசனை. அவர் பணத்தை எடுத்தார். நான் கார்டை நுழைக்கும் முன்பே திரையில் சேவை இல்லை என்று வந்துவிட்டது. காலி. எனக்குப் பின்னால் நின்றவர்கள் முனகிக்கொண்டே கலைந்தார்கள். அந்த அம்மா மட்டும் நின்று, கையில் இருந்த நோட்டைப் பார்த்து, என்னைப் பார்த்து, 'பெர்தோன்' என்றார். மன்னிப்பாம். அது அவருடைய சம்பளம். நான் ஊர் சுற்ற வந்தவள். எனக்கு வார்த்தையே வரவில்லை. என்னிடம் 40 பெசோ சில்லறை இருந்தது, கார்டு வாங்கும் கடையாகத் தேடி இரண்டு நாள் சாப்பிட்டேன், அதெல்லாம் பெரிய கதையில்லை.

தூரதேசி

நல்லவேளை சொன்னீர்கள். அடுத்த மாதம் ஒவஹாக்கா போகிறேன், இறங்குவது 15-ஆம் தேதி இரவு. டிக்கெட்டை 14-க்கு மாற்றவா?

ரயிலடி

மாற்ற வேண்டாம். ஒவஹாக்கா பெரிய ஊர், ஏடிஎம்முக்குப் பஞ்சமில்லை. 16-ஆம் தேதி காலையில் முதல் ஆளாகப் போங்கள். அப்புறம் பாஸ்போர்ட்...

மஞ்சப்பை

சார்.