தூங்கி விழும் குஞ்சு: உங்கள் வீட்டில் கண்டதை எழுதுங்கள்

பஞ்சாரம் (சிவகங்கைப் பக்கம்)

மழை தொடங்கியதிலிருந்து நம் கோழி வளர்ப்போர் குழுவில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "கோழிக்குஞ்சு தூங்கி விழுகிறது, என்ன மருந்து கொடுக்கலாம்?" இந்த ஒரு வரிக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. குளிர் தாக்கினாலும் குஞ்சு தூங்கும், கழிச்சல் கண்டாலும் தூங்கும், செள் என்ற சிறு பூச்சி ஏறி இரத்தத்தை உறிஞ்சினாலும் தூங்கும். இறகைச் சிலிர்த்து, இறக்கையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஓரமாக நிற்பது எல்லா நோய்க்கும் பொது. குஞ்சின் வயது, எச்சத்தின் நிறம், மூச்சில் சத்தம், இரவில் தடவிப் பார்த்தால் கழுத்தடியில் உள்ள தீனிப்பையில் இரை இருக்கிறதா என்பது, இவற்றைச் சொன்னால்தான் மேற்கொண்டு பேசவே முடியும். ஆகவே மருந்துக்கடைச் சீட்டைப் படம் எடுத்துப் போடாமல், கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். முதலில் என்னுடையது.

எங்களிடம் இருப்பவை சிறுவிடை என்ற நாட்டுக்கோழிகள். குஞ்சுகளைத் தாயோடு விட்டுத்தான் வளர்க்கிறோம், இரவில் பஞ்சாரம் என்ற கூடையைக் கவிழ்த்து மூடுவோம். ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. வெளியில் விட வழியில்லாமல் பகலிலும் கொட்டகைக்குள்ளேயே கிடந்தன. அடியில் விரித்திருந்த சாக்கு காயவே இல்லை. குஞ்சுகளுக்கு அப்போது ஏறக்குறைய ஒரு மாத வயது. ஒருநாள் விடிகாலையில் பஞ்சாரத்தைத் தூக்கினால், தாயோடு பாதி ஓடின, பாதி நின்ற இடத்திலேயே நின்றன. சாக்கில் அங்கங்கே யாரோ வெற்றிலை போட்டுத் துப்பியது போலக் கறை. ஒரு குஞ்சைக் கையில் எடுத்துப் பின்பக்கத்தைப் பார்த்தேன், அங்கும் அதே சிவப்பு. கொண்டை முளைக்கும் இடம் வெளுத்து, காலில் மஞ்சளே இல்லாமல் போயிருந்தது. தீனிப்பை வற்றிக் கிடந்தது. ஆனால் தண்ணீரைக் கண்டதும் குடித்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கறை படிந்த சாக்குத் துண்டை வெட்டி, நலிந்த குஞ்சு ஒன்றையும் கூடையில் வைத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனேன். மருத்துவர் எச்சத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, இரத்தக்கழிச்சல் என்றார். ஐமீரியா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி குடலைத் தின்பதால் வருவது. 3 முதல் 6 வார வயதில்தான் அதிகமாகத் தாக்கும். எச்சத்தோடு வெளியேறும் அதன் முட்டை, ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஓரிரு நாளில் நோயைப் பரப்பும் நிலைக்கு முற்றிவிடுமாம். காய்ந்த தரையில் அது அவ்வளவு எளிதாக நடக்காது. அப்படியானால் எங்கள் ஈரச்சாக்கு அதற்கு எப்பேர்ப்பட்ட மெத்தை!

எழுதிக் கொடுத்தது 20 சதவீத அம்ப்ரோலியம் தூள். லிட்டர் தண்ணீருக்கு 1.2 கிராம் வீதம் 5 நாள், பிறகு 0.3 கிராம் வீதம் ஒரு வாரம். தீனியில் கலக்காமல் தண்ணீரில் கொடுக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு: நோயுற்ற குஞ்சு தின்னாது, குடிக்கும். நன்றாக ஓடியாடும் குஞ்சுக்கும் அதே தண்ணீர்தான். வேறு எங்கும் வெறும் தண்ணீர் இருக்கக் கூடாது. மழைக்காலத்தில் இதுதான் சிரமம். மல்லாந்து கிடந்த சிரட்டையில் தொடங்கி மாட்டுத் தொட்டி ஓரத்துப் பள்ளம் வரை தேடித் தேடிக் கொட்டினோம். இன்னொன்று: இந்த மருந்து தயாமின் எனும் பி1 வைட்டமினைப் போல வேடமிட்டு ஒட்டுண்ணியை ஏமாற்றிப் பட்டினி போடுகிறது. அந்த நாட்களில் "சத்துக்கு நல்லது" என்று பி காம்ப்ளெக்ஸ் சொட்டு மருந்தையும் சேர்த்து ஊற்றினால், ஒட்டுண்ணிக்குச் சோறு போட்டது போலாகிவிடும். மருந்துக் கெடு முடிந்தபிறகு கொடுக்கலாம்.

சாக்கைக் கொளுத்தினோம். தரையைச் சுரண்டி, சுண்ணாம்பு தூவி, காய்ந்த உமி பரப்பினோம். சாதாரணக் கிருமிநாசினிகளுக்கு இந்த முட்டை அசையாது, அதனால் பினாயில் ஊற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். மருந்து வைக்கும் முன்பே தளர்ந்துபோனவை பிழைக்கவில்லை. மற்றவை தேறின.

மாடிக்கோழி (கோயம்புத்தூர்)

பஞ்சாரம் அண்ணா சொன்ன வயதுக் கணக்கு முக்கியம். என்னிடம் தாய்க்கோழி கிடையாது. பொரிப்பகத்திலிருந்து ஒருநாள் குஞ்சுகளாக வாங்கி, மொட்டைமாடி அறையில் அட்டைப்பெட்டிக்குள் வளர்க்கிறேன். என் தொல்லைகள் எல்லாம் முதல் வாரத்திலேயே வந்துவிடும். அதில் பாதி நோயே அல்ல, குளிர்.

முதல் வாரம் குஞ்சு நிற்கும் இடத்தில் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்கலாம். வெப்பமானியைவிடக் குஞ்சுகளே நன்றாகச் சொல்லும். விளக்கின் அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர்கிறது. ஓரத்தில் போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு மிகுதி. பரவலாகப் படுத்துக் கொறித்துக்கொண்டிருந்தால் சரி. இப்போது பலர் எல்இடி பல்பைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, "விளக்கு எரிகிறதே, ஏன் சாகின்றன?" என்று கேட்கிறார்கள். எல்இடி வெளிச்சம் தரும், குஞ்சைக் காக்கும் அளவுக்குச் சூடு தராது. பழைய குண்டு பல்போ அகச்சிவப்பு விளக்கோதான் வேண்டும்.

குளிரும் பயண அலுப்பும் சேர்ந்தால் அடுத்து வருவது பின்பக்க அடைப்பு. எச்சம் ஒட்டிக் காய்ந்து, சிமெண்ட் பூசியதுபோல ஆசனவாயை மூடிவிடும். குஞ்சு முக்கி முக்கிக் கத்தும், வயிறு உப்பும். கவனிக்காமல் விட்டால் இறந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, அந்தக் கட்டி தானாக இளகும் வரை வைத்திருக்க வேண்டும். பொறுமையில்லாமல் பிய்த்தால் பஞ்சுமயிரோடு தோலும் கிழிந்து வந்துவிடும். இளகியதும் துடைத்து, உலர்த்தி, தேங்காயெண்ணெய் துளி தொட்டு வைத்து, விளக்கடியில் விடுவேன். ஒரு எச்சரிக்கை: வயிற்றுப் பக்கம் கொஞ்சம் முன்னால் காய்ந்த பொருக்கு ஒன்று இருந்தால் அது தொப்புள். அதைத் தொடவே கூடாது.

புதுவரவு_21

வணக்கம். நான் புதியவன். எங்கள் குஞ்சுகள் சில நேரம் காபித்தூள் நிறத்தில், கொழகொழவென்று, மூக்கைப் பிடிக்கும் நாற்றத்தோடு எச்சமிடுகின்றன. இது இரத்தக்கழிச்சலா? நன்றாகத்தான் ஓடுகின்றன.

பஞ்சாரம்

ஓடுகின்றன என்றால் பயப்பட வேண்டாம் தம்பி. அது குடல்வால் எச்சம், குடலின் ஓரப் பையில் தங்கி வருவது. நாளுக்குச் சில முறை அப்படிப் போவது இயல்பு. எச்சத்தில் எப்போதாவது இளஞ்சிவப்பாக நார்போலத் தெரிந்தாலும் அது உதிர்ந்த குடல்தோல்தான். புது இரத்தம், கூடவே சோர்வு, இரண்டும் சேர்ந்தால் மட்டும் மருந்தகத்துக்கு ஓடுங்கள்.

காவிரிக்கரை (தஞ்சாவூர்ப் பக்கம்)

எங்கள் ஊரில் கார்த்திகை, மார்கழி என்றால் கொசு, கொசு என்றால் குஞ்சுகளுக்கு அம்மை. கொண்டையிலும் அலகோரத்திலும் மிளகளவு கொப்புளம் கிளம்பிக் கறுத்துப் பொருக்காகும். உயிரைக் குடிப்பது பெரும்பாலும் அந்தக் கொப்புளம் அல்ல. இமையில் வந்து கண்ணை மூடிவிடுவதால் குஞ்சுக்குத் தீனி தெரிவதில்லை, பட்டினியில்தான் சாகிறது. எனவே எங்கள் வீட்டில் வைத்தியம் என்பது பெரும்பாலும் ஊட்டிவிடுவதுதான். கொதித்து ஆறிய உப்புநீரால் கண்ணைத் துடைத்துத் திறந்து, நனைத்த குருணையையும் கம்பு மாவையும் சிறு உருண்டையாக்கி அலகைத் திறந்து வைப்போம். பொருக்கின்மேல் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவுவோம். பொருக்கைப் பிய்க்க மாட்டோம். மூன்று நான்கு வாரத்தில் தானாக உதிர்ந்துவிடும். வாய்க்குள் மஞ்சளாகத் தயிர்க்கட்டி போலப் படிந்து மூச்சை அடைக்கும் வகைதான் கொடியது. அது வந்தவற்றில் எதையும் நாங்கள் காப்பாற்றியதில்லை.

சின்ன வெங்காயம், சீரகம், மஞ்சள், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து வெள்ளைக்கழிச்சலையும் நாங்கள் நிறுத்தியிருக்கிறோம். ஊசி இல்லாமலே முடியும்.

பழைய மருந்துப்பெட்டி (கால்நடைத் துறையில் ஓய்வு)

காவிரிக்கரை ஐயாவின் அம்மை வைத்தியத்தில் எனக்கு மறுப்பு இல்லை. அது நச்சுயிரி (வைரஸ்) நோய், கொல்ல மருந்து கிடையாது. புண்ணில் வேறு கிருமி ஏறாமல் பார்த்துக்கொண்டு வயிற்றுக்கு ஊட்டினால் குஞ்சு தன்னால் மீளும், அதைத்தான் அவர் செய்கிறார். ஆனால் வெள்ளைக்கழிச்சல் விஷயத்தில் உடன்பட மாட்டேன். உண்மையான வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிகேத் நோய், தடுப்பு மருந்து காணாத ஊருக்குள் நுழைந்தால் கூண்டோடு துடைத்துவிட்டுப் போகும். பச்சையும் வெள்ளையும் கலந்த நீர்க்கழிச்சல், வாயைத் திறந்து இழுக்கும் மூச்சு, தப்பிப் பிழைத்ததற்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளுதல் ஆகியவை அதன் அடையாளம். கஷாயத்தில் நின்றது என்றால் பெரும்பாலும் வேறு கழிச்சலாக இருந்திருக்கும். எச்சம் வெள்ளையாகப் போக எத்தனையோ காரணங்கள் உண்டு. முட்டை வழியே தாயிடமிருந்து வரும் புல்லோரம் என்ற பாக்டீரியா நோயிலும் பொரித்த இரண்டு மூன்று வாரத்துக்குள் குஞ்சுகள் வெள்ளையாகக் கழிந்து மடியும். மூலிகையை விடச் சொல்லவில்லை. அதை நம்பித் தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள் என்கிறேன்.

ராணிகேத்துக்கு முறை இதுதான்: 7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ தடுப்பு மருந்து ஒரு சொட்டு, 4 வார வயதில் மறுசொட்டு, 8 வாரத்தில் இறக்கையின் தோலுக்கு அடியில் ஆர்2பி என்ற தடுப்பூசி. பத்துக் குஞ்சு வைத்திருப்பவருக்குச் சிக்கல் எங்கே என்றால், புட்டியை உடைத்தால் அது நூறு குஞ்சுக்கோ அதற்கு மேலோ ஆனது. கரைத்த மருந்தைப் பனிக்கட்டிமேல் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும், மிச்சத்தை நாளைக்கு வைக்க முடியாது. தெருவில் கோழி வைத்திருப்பவர்கள் கூடி ஒரே மாலையில் போட்டுக்கொண்டால் செலவும் குறையும், பக்கத்து வீட்டுக் கோழி வழியாக நோய் வருவதும் குறையும். தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பிப்ரவரியில் துறையே இலவச முகாம் நடத்துகிறது. நோய் கண்ட குஞ்சுக்குப் போடாதீர்கள். "ஊசி போட்டதால்தான் செத்தது" என்ற பழி பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

புதுவரவு_21

ஐயா, இன்னொரு சந்தேகம். ஓடுகின்றன என்று எழுதினேன், ஆனால் இன்று காலை இரண்டு வார வயதுக் குஞ்சுகள் சில கழுத்தை நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. மருந்துக்கடையில் சளி மருந்து கொடுத்தார்கள். கழிச்சல் இல்லை. கீழே கடலைத்தோல் பரப்பியிருக்கிறோம், மழையில் கொஞ்சம் நனைந்த மூட்டைதான் கிடைத்தது.

பழைய மருந்துப்பெட்டி

விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். கரகரவென்று சத்தமோ தும்மலோ இருந்தால், கண்ணில் நுரை தட்டியிருந்தால், அது சளி நோய். அதற்கு மருத்துவர் எழுதும் நுண்ணுயிர்க்கொல்லி உதவும். சத்தமே இல்லாமல் வாய் மட்டும் திறந்து மூடினால், உங்கள் கடலைத்தோல்தான் என் சந்தேகம். நனைந்த தோலில் பூஞ்சை பிடித்திருக்கும். ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள், மக்கல் நாற்றம் அடிக்கும். அந்தப் பூஞ்சையின் தூளை மூச்சில் இழுத்த குஞ்சின் நுரையீரலில் கடுகளவு மஞ்சள் முடிச்சுகள் கட்டிவிடும். சளி மருந்து அதைத் தொடாது. தாக்கப்பட்டவற்றைக் குணப்படுத்த நம் கையில் அநேகமாக ஒன்றும் இல்லை. மற்றவற்றைக் காப்பாற்றலாம்: இன்றே எல்லாவற்றையும் அள்ளி வெளியே கொட்டுங்கள், தூசி பறக்காமல் தண்ணீர் தெளித்து அள்ளுங்கள், நீங்களும் மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். காய்ந்த உமியோ மரத்தூளோ போடுங்கள். தீனி மூட்டையையும் பிரித்துப் பாருங்கள்.

ஏதாவது இறந்தால் புதைத்துவிடாதீர்கள். பாலித்தீன் பையில் இறுகக் கட்டி, பனிக்கட்டி நிறைந்த இன்னொரு பைக்குள் வைத்து, அன்றைக்கே மருந்தகத்துக்கோ மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ கொண்டுபோங்கள். உறையவைக்கும் பெட்டியில் போட்டால் உறுப்புகள் சிதைந்து ஒன்றும் தெரியாது. அறுத்துப் பார்த்தால் சில நிமிடங்களில் பூஞ்சையா, சளியா என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். ஒரே இரவில் வயது பாராமல் கொத்துக் கொத்தாகச் செத்தால் மட்டும் தொடவும் வேண்டாம், தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம். மருந்தகத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு அவர்கள் வரும் வரை யாரையும் கொட்டகைக்குள் விடாதீர்கள். பறவைக் காய்ச்சலாக இருக்க வாய்ப்புண்டு.

புதுவரவு_21

சத்தம் இல்லை ஐயா. தோலில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அள்ளிக்கொண்டிருக்கிறோம். மரத்தூள் இங்கே தேக்கு இழைப்பகத்தில் கிடைக்கிறது, பரவாயில்லையா?

மாடிக்கோழி

மாவு போன்ற தூள் வேண்டாம் தம்பி, குஞ்சுகள் தின்றுவிடும், மூச்சுக்கும் ஆகாது. இழைத்த சுருளாகக் கேட்டு வாங்குங்கள். பூச்சி மருந்து அடித்த மரமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் அதன்மேல் செய்தித்தாளை விரித்துத் தீனி போடுங்கள்.