ஞானஸ்நான ஏட்டில் நான் வேற ஆள்

முத்துநகர்வாசி:
நானே ஆரம்பிச்சு வைக்கிறேன். இருபது வருஷமா சென்னை, கல்யாணமும் சென்னையில. ஆனா அதுக்கு வேண்டிய ஞானஸ்நான சர்டிபிகேட்டை மட்டும் தூத்துக்குடி பக்கத்துல எங்க கடற்கரை ஊர்க் கோயில்ல போய்தான் வாங்கணும்னுட்டார் ஃபாதர். "வீட்ல பழசு இருக்கு ஃபாதர்"னேன். "ஆறு மாசத்துக்குள்ள எடுத்ததா வேணும்பா." எரிச்சலோட பஸ் ஏறினேன்.

கோயில் வேலைகளைப் பார்த்துக்கிற உபதேசியார் பீரோவைத் திறந்து தலகாணி சைஸ்ல ஒரு ஏட்டை எடுத்தார். ஓரமெல்லாம் பூச்சி அரிச்சிருந்தது. விரலை வச்சுத் தேடி நிறுத்தின வரியில 'சவேரியார் அந்தோணி'. ஸ்கூல், பேங்க், கல்யாணப் பத்திரிகை எல்லாத்துலயும் நான் ரமேஷ்! வரிக்கு நேரா கடைசிக் கட்டம் காலி. நாலு பக்கம் முன்னால அண்ணன் வரியில அதே கட்டத்துல சிவப்பு மையில தேதி, கோயில் பேரு, மதினி பேரு. கல்யாணம் எந்த ஊர்ல நடந்தாலும் ஞானஸ்நானம் வாங்கின பங்குக்கு, அதாவது அந்த ஊர்க் கோயிலுக்கு, தகவல் அனுப்பி ஏட்டுல ஏத்தணும்கிறது திருச்சபைச் சட்டம். கட்டம் காலின்னா ஆளுக்கு இன்னும் கல்யாணம் ஆகலை. பழைய நகல் அதை எப்படிச் சொல்லும்? எரிச்சல் அங்கேயே போயிடுச்சு.

அப்புறம் மூணு ஞாயிறு பூசையில ஓலை வாசிச்சாங்க: இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு அறிவிப்பு. பூசைக்கு வந்திருந்த ஆபீஸ் நண்பன் வெளியில வந்து கேட்டான்: "உன் ஆளை எவனோ சவேரியார் கட்டிக்கப் போறானாமே, தெரியுமா?"

ஓய்வு வாத்தியார்:
ஓலைக்கு வயசு அதிகம் தம்பி. 1215-இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் (திருச்சபை ஆயர்களின் மாநாடு) அதைக் கட்டாயமாக்கியது. திருட்டுத்தனமாக நடந்த கல்யாணங்கள்தான் காரணம். மூன்று முறை வாசிக்க வேண்டும் என்று 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் வகுத்தது. தடை தெரிந்தவர் யாராக இருந்தாலும் சொல்லியாக வேண்டும் என்று இன்றைய 1983 திருச்சபைச் சட்டத்திலும் இருக்கிறது. நான் பார்த்தவரை ஓலை கேட்டு யாரும் எழுந்து நின்றதில்லை. மொட்டைக் கடிதம்தான் வரும்.

முட்டத்துக்காரி:
எனக்கு ஓலையை விட, வேற மதத்துக்காரரைக் கட்டிக்க ஆயர் (பிஷப்) இல்லத்துல வாங்கற விதிவிலக்குதான் பெரிய பாடு. என் வீட்டுக்காரர் இந்து. அவரையும் கையெழுத்துப் போடச் சொல்லுவாங்கன்னு எங்க மாமியார் வீட்ல ஒரே பயம். கடைசியில வாக்குறுதி கொடுத்தது நான் மட்டும்தான்: என் விசுவாசத்தை விட மாட்டேன், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க என்னால முடிஞ்சதைச் செய்வேன். அவருக்கு அதைத் தெரியப்படுத்தினா போதும், அவர் எதுவும் ஒத்துக்க வேண்டியதில்லை. பூசை இல்லாம பைபிள் வாசகம், ஜெபத்தோட கல்யாணம் முடிஞ்சது. பூசை இல்லைன்னா நன்மையும் (பூசையில வாங்கற அப்பம்) இல்லை. அம்மாவுக்குத்தான் தாங்கலை. "நன்மை வாங்காத கல்யாணமாட்டி?"ன்னு சாப்பாட்டுப் பந்தியிலயும் அழுதாங்க.

சிஎஸ்ஐ மாப்பிள்ளை:
என் கதை சுருக்கம். நான் சிஎஸ்ஐ, புராட்டஸ்டண்ட் சபை. பெண் ஆர்.சி., ரோமன் கத்தோலிக்கம். எனக்கு மறுபடி தண்ணி ஊத்துவாங்கன்னு சொந்தக்காரங்க பயமுறுத்தினாங்க. அதெல்லாம் இல்லை, எங்க சபை ஞானஸ்நானத்தை அவங்க ஏத்துக்கிறாங்க. அவங்க ஆயர் அனுமதி மட்டும் வாங்கினோம். ஓலை ரெண்டு பக்கமும் வாசிச்சாங்க.

பழைய ஏடு:
முத்துநகர் தம்பிக்கு ஒரு வார்த்தை. பிறந்த தேதிக்கு வேற ஆதாரம் இல்லாம, அறுபது வயசுல போய் நான் ஞானஸ்நான நகல் எடுத்தேன். கல்யாணம் நடந்த பங்கிலிருந்து தகவல் வரவே இல்லை போல, அந்தக் கட்டம் காலி. வீட்ல காட்டினேன். கண்ணாடியைப் போட்டு ரெண்டு தடவை படிச்சா. "நாளைக்கே போய் என் பேரை எழுதிட்டு வாங்க, அப்புறம்தான் சோறு"ன்னுட்டா.