சிறிய அந்தமானில் குடித்தனம்: குருமனைக்கு எதை எடுத்துச் செல்வது, எப்படிக் காப்பது?

கேள்வி (ஏற்காட்டிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் போதகர். வரும் ஜூன் மாதத்திலிருந்து மூன்று ஆண்டுகளுக்குச் சிறிய அந்தமான் தீவில் ஹட் பே ஊரிலுள்ள ஒரு சிறு சபையைக் கவனிக்கும்படி எங்களை அனுப்புகிறார்கள். நான் ஏற்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவள்; சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிரும் மூடுபனியும்தான் எனக்குப் பழக்கம். கடற்கரை ஊரில் ஒரு வாரத்துக்கு மேல் தங்கியதில்லை. பிள்ளைகள் இருவர், மூத்தவளுக்கு ஒன்பது வயது, இளையவனுக்கு மூன்று.

கர்த்தர் நடத்துவார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் அரிசிப் பானையையும் பிள்ளைகளின் உடம்பையும் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. சாமான்களைச் சென்னையிலிருந்து கப்பலில் அனுப்பலாம் என்கிறார்கள். மளிகையை எவ்வளவு வாங்கிச் செல்ல வேண்டும்? குளிர்சாதனப் பெட்டி அங்கே பயன்படுமா? என் கணவரிடம் இருநூறு புத்தகங்கள் உள்ளன, அவற்றைக் கொண்டுபோகலாமா? அங்கே குடித்தனம் நடத்தியவர்கள் விவரமாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1 (சேலம், அஸ்தம்பட்டியிலிருந்து)

அன்புச் சகோதரிக்கு வணக்கம். அதே தீவில் ஆறு ஆண்டுகள் குருமனையில் (சபை போதகர் குடியிருக்கும் வீட்டில்) வாழ்ந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். எதை எடுத்துச் செல்வது என்றே நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். கொண்டுபோனதை ஈரத்திலிருந்து காப்பதுதான் அங்கே வீட்டுவேலையில் பெரும்பகுதி. ஐப்பசி, கார்த்திகையில் ஏற்காட்டு வீடுகளின் பீரோவுக்குள் துணியில் பூசணம் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தமானில் மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கி, அது ஓய்வதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்து, டிசம்பர் வரை ஈரம் விடாது. ஆண்டு மழை சுமார் 3,000 மில்லிமீட்டர்; சேலத்தில் பெய்வதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. அதோடு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும்.

முதல் ஆண்டில் நான் செய்த தவற்றைச் சொல்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் 50 கிலோ பொன்னி அரிசி வாங்கி, சாக்கோடு கொண்டுபோய்ச் சிமெண்டுத் தரையில் சுவரோரமாகச் சாய்த்து வைத்தேன். இரண்டாம் மாதம் ஒருநாள் கையை விட்டபோது உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. சாக்கைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு அரிசி கட்டிபிடித்து, தையல் ஓரமெல்லாம் பச்சை படர்ந்திருந்தது. சேலத்துக்காரி என்ற ஆசையில் கொண்டுபோன ஜவ்வரிசியும் பையிலேயே ஒரே உருண்டையாகிவிட்டது. அன்றிலிருந்து அரிசியை ஐந்து ஐந்து கிலோவாக, அழுத்தி மூடும் எவர்சில்வர் டப்பாக்களில் போட்டு, தரையில் படாமல் பலகைமேல் வைத்தேன். பருப்பையும் ரவையையும் வெறும் வாணலியில் வறுத்து, நன்றாக ஆறிய பிறகே மூடுவேன். சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோத்துவிடும். ஓராண்டுக்கான மிளகாய்த்தூளை ஒரே தடவையில் அரைத்துவைக்கும் நம் வழக்கம் அங்கே உதவாது. அரிவாள்மனையைக் கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். கேஸ் சிலிண்டரும் பலகைமேல் இருக்கட்டும். அதன் அடிவளையம்தான் முதலில் துருப்பிடிக்கும்.

காய்கறி பெரும்பாலும் போர்ட் பிளேரிலிருந்து (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) கப்பலில்தான் வரும். கடல் கொந்தளித்தால் கப்பல் சில நாள் வராது. வெங்காயமும் உருளைக்கிழங்கும்தான் கடையில் முதலில் தீரும். அதனால் இரண்டு வாரத்துக்கு வேண்டியது எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். அதற்குமேல் சேர்க்க வேண்டாம். பூச்சிக்கும் பூசணத்துக்கும்தான் போகும். அங்கே போய்ச் சேர்ந்த மாதமே முருங்கைப்போத்து ஒன்றை நட்டு, வேலியில் பசலைக்கொடியை ஏற்றிவிடுங்கள். வாழைக்காய், தேங்காய், மீன் ஆகியவற்றை வைத்துச் சமைக்கப் பழகினால் கப்பலை எதிர்பார்த்து வாடும் நிலை வராது.

மின்சாரம் டீசல் இயந்திரத்தில் உற்பத்தியாவது; அடிக்கடி நிற்கும். சிறிய குளிர்சாதனப் பெட்டி போதும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். தீவிலும் இந்திய நேரம்தான், ஆனால் சூரியன் சேலத்தைவிடச் சுமார் ஒரு மணி நேரம் முன்னதாக உதித்து மறையும். டிசம்பரில் மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் இருட்டிவிடும். மூத்தவளின் வீட்டுப்பாடத்தையும் இரவுச் சமையலையும் வெளிச்சம் இருக்கும்போதே முடிக்கும்படி அன்றாட நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

கப்பல் நின்றுவிட்டால் தூரத்துக் குடியிருப்புகளிலிருந்து வந்தவர்கள் குருமனையில்தான் தங்குவார்கள். ஒருமுறை எட்டுப் பேர் மூன்று இரவுகள் எங்கள் கூடத்தில் படுத்திருந்தார்கள். வீட்டில் இருந்ததோ ஒரு படி பருப்பும் கொல்லை முருங்கையும்தான். அவர்களில் ஒரு வங்காளத்து அம்மா என்னோடு அடுப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே தன் மகன் இறந்த துக்கத்தைச் சொல்லி அழுதார். பிரசங்க மேடையில் நடந்த ஊழியத்துக்குக் குறையாத ஊழியம் அந்த அடுப்படியிலும் நடந்தது என்று உறுதியாக நம்புகிறேன். ஆகவே தட்டுகளையும் பாய்களையும் கூடுதலாகக் கொண்டுபோங்கள்.

பதில் 2 (ஏற்காட்டிலிருந்து, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்)

மேலே அந்த அம்மா எழுதிய கப்பல் கவலை பழைய கவலை. 1760-ல் தரங்கம்பாடிக்கு வந்து குடியேறிய மொரேவிய சகோதரர்கள் என்ற புராட்டஸ்டண்டு மிஷனரிகள், அங்கிருந்து 1768-ல் நிக்கோபாரின் நான்கௌரித் தீவுக்குச் சென்றார்கள். உணவுப்பொருள்கள் தரங்கம்பாடியிலிருந்து கப்பலில் வர வேண்டியிருந்தது. அது காலத்தில் வரவில்லை. காய்ச்சலில் ஒருவர்பின் ஒருவராகப் பலர் இறந்துபோக, 1787-ல் அந்தப் பணியையே கைவிட்டார்கள். அவர்களிடம் பக்தி குறைவாக இருந்ததால் அப்படி நேரவில்லை. உணவும் மருந்தும் கிடைக்காததால் நேர்ந்தது. அரிசிப் பானையைப் பற்றிக் கேட்டதற்காக நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை, அம்மா. ஏறக்குறைய நூறாண்டு கழித்துக் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் பள்ளி நடத்திய வேதப்பன் சாலமோன் ஒரு தமிழர். அவரிடம் படித்த சிறுவன்தான் பிற்காலத்தில் ஆயராகி, புதிய ஏற்பாட்டை நிக்கோபார் மொழியில் பெயர்த்த ஜான் ரிச்சர்ட்சன்.

ஒரு வேண்டுகோள். நீங்கள் போகும் தீவில்தான் ஒங்கே பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய பகுதிக்குள் அனுமதியின்றி நுழைவதை 1956-ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. எந்த நல்லெண்ணத்தாலும் அந்த எல்லையைக் கடக்காதீர்கள். நம்மால் அவர்களுக்கு நோய் தொற்றக்கூடும்.

பதில் 3 (சேலத்திலிருந்து, செவிலியர்)

இவ்வளவு மழை பெய்தாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அங்கே தண்ணீர் குறையும். ஆகவே கூரைநீரைப் பிடித்துவைப்பீர்கள். பிடித்த நீரில் கொசு முட்டையிடும். டெங்கு கொசுவின் முட்டை தொட்டிச் சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொள்ளும். நீரை மாற்றினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை உட்சுவரை நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். அங்குள்ள மலேரியா கொசு உப்புக் கலந்த நீரிலும் பெருகுவதால் கடலோர வீட்டுக்கும் வலை அவசியம். மருந்தூட்டிய கொசுவலையை நாலு பேருக்கும் வாங்குங்கள். காய்ச்சல் என்றால் மறுநாளைக்குத் தள்ளாமல் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். குடிநீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து, ஒரு நிமிடமாவது அப்படியே விட வேண்டும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் தீர்ந்துவிட்டால், ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கலந்து கொடுக்கலாம். பிள்ளைகள் செருப்பைத் தட்டிப் பார்த்துப் போடட்டும். அந்தமான் பூரான் பெரியது, கடித்தால் வலி தாங்க முடியாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கூடுதலாக ஆறு பாய்கள் வாங்கத் தீர்மானித்துவிட்டேன். புத்தகங்களைப் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லையே?

பதில் 1

மறந்துவிட்டேன், மன்னிக்கவும். இருநூறும் வேண்டாம், வேதாகமம், அகராதி, பிரசங்கத்துக்கு அன்றாடம் எடுப்பவை என்று முப்பது போதும். மற்றவை ஏற்காட்டில் உறவினர் வீட்டில் இருக்கட்டும். கொண்டுபோவதைச் சுவரை ஒட்டாத திறந்த அலமாரியில், நெருக்காமல் அடுக்குங்கள். பலரும் பீரோவுக்குள் சுட்ட சுண்ணாம்புக் கட்டியைச் சட்டியில் வைப்பார்கள். அது ஈரத்தை இழுக்கும், ஆனால் நீர் பட்டால் கொதித்துச் சுடும். மூன்று வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் அது வேண்டாம். வெயில் அடிக்கும் நாளில் புத்தகங்களை வெளியே எடுத்து, நிழலில் காற்றாட விரித்துவையுங்கள். பள்ளிச் சான்றிதழ்களை மட்டும் ஊரிலேயே விட்டுச் செல்லுங்கள். என் மகளுடைய சான்றிதழின் முத்திரை பூசணத்தில் அழிந்து, மறுபடி வாங்க ஓராண்டு ஆயிற்று.