புதுப்பிப்பு: பழைய புடவையில் தைத்த சுடிதார் டாப்

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: டாப் தைக்கக் கடையில் 350 ரூபாய் கேட்கிறார்கள், அம்மாவின் பழைய கால் மிஷினில் நானே தைக்கலாமென்றால் அடியில் நூல் கூடு கட்டுகிறது என்று. சிலர் அடிநூல் சுற்றும் பாபினை மாற்றச் சொன்னீர்கள், மாற்றினேன். ஒன்றும் ஆகவில்லை.

கோளாறு மேல்நூலில்தான் இருந்தது. நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் உட்காரவே இல்லை, வெளியே சும்மா தொங்கியிருக்கிறது. ஊசிக்குக் கீழே துணியை அழுத்திப் பிடிக்கும் மிஷின் காலைத் தூக்கிவைத்தால்தான் அந்தத் தட்டுகள் விலகி நூலுக்கு வழிவிடும். நான் அந்தக் காலை இறக்கிவைத்துக்கொண்டே கோத்திருக்கிறேன். வீணாக இரண்டு வாரம்!

சரி, டாப்புக்கு வருகிறேன். ஐந்தரை மீட்டர் பருத்திப் புடவையில் இரண்டு டாப் வந்தது. பலமுறை துவைத்த புடவை, இனிச் சுருங்காது. புதுத் துணியென்றால் ஒருநாள் ஊறப்போட்டுக் காயவைத்த பிறகே கத்தரி. அளவுக்கு, நன்றாகப் பொருந்தும் பழைய டாப்பைச் செய்தித்தாளில் விரித்து வரைந்துகொண்டேன். சுற்றிலும் அரை அங்குலம், பக்கங்களில் மட்டும் ஒரு அங்குலம் தையலுக்கு விட்டேன். முந்தானை ஜரிகை கைக்கு ஓரமானது.

கழுத்துதான் கொஞ்சம் இளித்துக்கொண்டு நிற்கிறது. அதற்குக் மூலைவாக்கில் சாய்வாக வெட்டிய பட்டி வைக்க வேண்டுமாம். நான் நேர்த்துணியை வைத்துவிட்டேன். துப்பட்டா மறைத்துக்கொள்கிறது.

செலவு: நூல்கண்டு இரண்டு, பதினாறாம் நம்பர் ஊசி, மிஷின் எண்ணெய். எல்லாம் சேர்த்து நூறைத் தாண்டவில்லை. இரண்டாவது டாப்புக்குக் கழுத்தைப் பிரித்துப் பார்க்கிறேன்.