ஜூலையில் நார்த்வுட்ஸ்: நல்ல அளவு புளூகில் மீன் உள்ள ஏரியைக் கண்டுபிடிப்பது எப்படி?

படித்துறை:
ஜூலை மூன்றாம் வாரம், அமெரிக்காவின் வடக்கு விஸ்கான்சினில் மினாக்வா பக்கம் ஏழு நாள் கேபின். 16 அடி படகு, சின்ன மோட்டார் உண்டு. பிள்ளைகளுக்கு 9, 13 வயது. வால்ஐ, மஸ்கி மாதிரி பெரிய வேட்டை மீன் எல்லாம் வேண்டாம். புளூகில், கிராப்பி, பெர்ச் மாதிரி சின்ன மீன் போதும். விலாஸ், ஒனைடா இரண்டு கவுன்ட்டியிலும் ஏரிக்குக் கணக்கே இல்லை. மாநில இயற்கை வளத் துறையின் தளத்தில் பார்க்கிற ஏரிக்கெல்லாம் பான்ஃபிஷ் (இந்தச் சின்ன மீன்களின் பொதுப்பெயர்) 'ஏராளம்' என்றே இருக்கிறது. வேண்டாத ஏரிகளை எதை வைத்துக் கழிப்பது?

தக்கைநரம்பு:
அந்த 'ஏராளம்' தான் பலரைக் கவிழ்க்கிறது. அது எண்ணிக்கையைச் சொல்கிறது, அளவைச் சொல்லவில்லை. நாலு அங்குல மீன் லட்சம் கிடந்தாலும் ஏராளம்தான்.

அதே துறை வெளியிடும் மீன்வள ஆய்வறிக்கைகளைத் தேடுங்கள். வலை போட்டுப் பிடித்து அளந்த நீளங்கள் அதில் இருக்கும். பி.எஸ்.டி. என்றொரு எண் வரும்: 3 அங்குலத்துக்கு மேற்பட்ட புளூகில்களில் 6 அங்குலத்தைத் தொட்டவை நூற்றுக்கு எத்தனை என்பது. 20க்குக் கீழே என்றால் அந்த ஏரியை விடுங்கள். 8 அங்குல மீன் கொஞ்சமாவது பதிவாகியிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அறிக்கையின் ஆண்டையும் பாருங்கள். பத்து வருடப் பழசை நம்பிப் போக வேண்டாம்.

மீன் ஏன் குறுகிப்போகிறது? கரையோரம் முழுக்கச் செடி அடைத்து, குஞ்சுகளைத் தின்ன பாஸ் என்கிற வேட்டை மீன் போதாமல் போனால் இரைக்குப் போட்டி, வளர்ச்சி இல்லை. இன்னொன்று, முட்டைக் குழியைக் காவல் காக்கும் பெரிய ஆண்களையே எல்லோரும் பிடித்துவிடுவது. பெரியவன் இல்லாத இடத்தில் சிறிய ஆண்கள் சீக்கிரமே பருவமடைந்து, வளர்வதை நிறுத்திக்கொள்கின்றன. அதனால்தான் சில ஏரிகளில் பிடிக்கும் வரம்பைக் குறைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஏரிகளை ஒதுக்காதீர்கள், முதலில் பாருங்கள்.

கோரைமேடு:
மேலே சொன்னதோடு ஆழ வரைபடத்தையும் வைத்துப் பாருங்கள். ஒரு வாரத்துக்கு 100 முதல் 400 ஏக்கர் ஏரிகள் மூன்று போதும். டர்ட்டில்-ஃப்ளாம்போ மாதிரி பெரிய நீர்த்தேக்கத்தில் கிராப்பி உண்டுதான், ஆனால் தண்ணீருக்கடியில் மரக்கட்டைகள். புதியவர் மோட்டாரை உடைத்துக்கொள்வார்.

ஜூலை மூன்றாம் வாரத்தில் முட்டையிடும் காலம் பெரும்பாலும் முடிந்திருக்கும். பெரிய புளூகில் கரையில் நிற்காது. செடி வரிசை முடிந்து ஆழம் தொடங்குகிற விளிம்பில், 8 முதல் 15 அடியில் தேடுங்கள். அங்கே 'கேபேஜ்' என்கிற அகன்ற இலைச் செடி நின்றால் இன்னும் நல்லது. தெளிந்த ஏரியில் செடி ஆழம்வரை போகும், மீனும் ஆழத்தில். காலை, மாலைதான் கடி. தேநீர் நிறத் தண்ணீரில் செடி சீக்கிரம் முடிந்துவிடும், அங்கே நடுப்பகலிலும் முயலலாம். கிராப்பி சாயங்காலம் ஆழமான தண்ணீரில் தரைக்கும் மேற்பரப்புக்கும் நடுவே தொங்கும். அதற்குக் கீழே இரை போட்டால் திரும்பியும் பார்க்காது.

படித்துறை:
நன்றி. தூண்டில் அமைப்பு? கட்டின தக்கையோடு 10 அடி ஆழத்துக்கு வீசவே முடியாதே.

தக்கைநரம்பு:
நரம்பில் ஓடுகிற தக்கை வாங்குங்கள். 4 பவுண்டு தாங்கும் தூண்டில் நரம்பில் முதலில் நூல் முடிச்சு, பிறகு சிறு மணி, தக்கை, அதற்குக் கீழே சின்ன ஈயக்குண்டு, கடைசியில் 8ஆம் எண் நீளத்தண்டு முள். தண்டு நீளமாக இருந்தால் மீன் விழுங்கினாலும் கழற்ற முடியும். வீசும்போது முடிச்சு ரீலுக்குள் சுருண்டுபோகும், தண்ணீரில் அது மணியில் தட்டும் ஆழத்தில் இரை நிற்கும். மணியை விட்டால் முடிச்சு தக்கைக்குள் நுழைந்து, இரை தரைவரை போய்விடும்.

முழு மண்புழுவைத் தொங்கவிடாதீர்கள். புளூகில் வாய் சின்னது, வாலைக் கடித்துக்கொண்டு ஓடிவிடும். அரை அங்குலத் துண்டு, முள்முனை லேசாகத் தெரிய. தக்கை படுத்தாலும் கடிதான்: மீன் இரையோடு மேலே வருகிறது.

சேற்றுவழி:
விதிகளில் மூன்று விஷயம். 16 வயதுக்குக் கீழே உரிமம் வேண்டாம், ஆனால் பிடிக்கும் வரம்பு அவர்களுக்கும் உண்டு. பொது வரம்பு பான்ஃபிஷ் எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 25; ஏரிக்கு ஏரி மாறும், அதனால் இறங்குதுறைப் பலகையைப் படியுங்கள். ஒரு ஏரியிலிருந்து கிளம்பும்போது படகின் அடைப்பைப் பிடுங்கித் தண்ணீரை வடித்து, படகிலும் டிரெய்லரிலும் ஒட்டிய செடியை அங்கேயே உருவிப் போடுங்கள். உயிர்ச் சிறுமீன் இரையை ஏரி மாற்றிக் கொண்டுபோவதில் தனி நிபந்தனைகள் இருக்கின்றன. மண்புழுவோடு நிறுத்திக்கொண்டால் அந்தத் தலைவலியே இல்லை.