மறு: பிறேக் சத்தங்களுக்குத் தமிழ்ச் சொல், திங்களுக்கு முன்

கிளிநொச்சி, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

திங்கட்கிழமை பிறேக் பாடம். கையிலிருக்கும் தமிழ்க் குறிப்பில் எல்லாச் சத்தத்துக்கும் ‘இரைச்சல்’ என்று ஒரே சொல்லைப் போட்டுவிட்டார்கள். இதை வைத்துப் பழுது பார்க்கப் படிப்பிப்பது எப்படி? பட்டறையில் ஒரு ஹைலக்ஸ் பிக்கப் நிற்கிறது. முன்னுக்கு டிஸ்க், பின்னுக்கு டிறம். பாட் (மிதிக்கும்போது சில்லோடு சுற்றும் டிஸ்க்கை இறுக்கும் கட்டை) தேய்ந்து 2, 3 மில்லிமீற்றருக்கு வந்ததும் அதிலிருக்கும் சின்னத் தகட்டு நாக்கு டிஸ்க்கில் பட்டுக் கத்தும். பாட் மாற்றினால் தீர்ந்தது. கவனிக்காமல் ஓடினால் பாட்டின் இரும்பு முதுகே டிஸ்க்கை அரைக்கும். அப்போது டிஸ்க்குக்கும் சேர்த்துச் செலவு. மிதிக்கும் நேரத்தில் மட்டும் ஒருதரம் ‘டொக்’ என்றால், பாட்டைப் பிடித்திருக்கும் கிளிப் தளர்ந்திருக்கலாம். மூன்று சத்தம், மூன்று வேலை. மூன்று சொல் தாருங்கள்.

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

முதலாவதற்குக் ‘கிறீச்’ என்று எழுதிவிடாதீர்கள். வல்லின மெய் தமிழில் சொல்லுக்கு ஈறாகாது. ஆண்டாளிடமே சொல் இருக்கிறது: ‘கீசு கீசென்றெங்கும் ஆனைச்சாத்தன் கலந்து பேசின பேச்சரவம்’. கீசு, அதிலிருந்து கீசல். (ஆனைச்சாத்தன் எது என்று பலர் பலவிதமாய்ச் சொல்வார்கள், நம் வயலில் மாட்டின் முதுகில் குந்தியிருக்கும் கரிச்சான்தான் என்பது என் கட்சி.) அரவம் என்றால் ஓசை. ஆகவே பொதுச்சொல்லாகத் ‘தடுப்பரவம்’. பிறேக் என்ற சொல்லையும் இத்தோடு விட்டுவிடலாம்.

மாங்குளம், கராஜ் வைத்திருப்பவர்:

ஐயா, வயலுக்குப் போய்வந்த வாகனத்தைக் கொண்டுவந்து ‘தடுப்புக்குள் அரவம்’ என்று ஒருவர் சொன்னால் நான் பொல்லோடுதான் வருவேன். இங்கே சனம் ‘பிறேக் கீச்சிடுது’, ‘பிறேக் அரைக்குது’ என்றுதான் சொல்கிறது. அது போதாதா?

சேர், குறிப்பில் இன்னொன்றும் சேருங்கள். கிரவல் புழுதி பாட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் போனால் பாட் தேயாமலே கீச்சிடும். நாக்குப் பட்ட சத்தமா, புழுதிச் சத்தமா என்று காதை வைத்து முடிவுகட்டக் கூடாது. சில்லைக் கழற்றிப் பாட்டின் தடிப்பைப் பார்க்க வேண்டும். தடிப்பு இருந்தால் பிறேக் கிளீனரால் கழுவி, கலிப்பர் (பாட்டை டிஸ்க்கோடு அழுத்தும் பகுதி) பின்னுக்கும் பாட்டின் முதுகுக்கும் அதற்குரிய கிறீஸை மெல்லியதாகப் பூசிப் பூட்டலாம். கிறீஸ் டிஸ்க்கில் பட்டதோ, பிறேக் பிடிக்காது. காற்றடித்துப் புழுதியை ஊத வேண்டாம் என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பழைய லைனர்களில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். மழைக்கு மறுநாள் காலை வரும் கரகரப்பு வெறும் துரு, நாலுதரம் மிதிக்கப் போய்விடும். அதற்குச் சொல் தேடி மினைக்கெட வேண்டாம்.

ரொறன்ரோ, முல்லைத்தீவுக்காரர்:

அரைப்பதற்கு ‘நறநறப்பு’. பல்லை நறநறவென்று கடிக்கிறோமே! ஐயாவிடம் ஒரு கேள்வி: இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையாது என்பது தொல்காப்பியம். ‘கீசு கீசு’வை உடைத்துக் கீசல் செய்தது எந்தக் கணக்கில்?

வவுனியா:

அது இரட்டைக்கிளவி அல்ல தம்பி, அடுக்கு. ‘கீச்சுக்குரல்’ என்று தனித்தும் வருகிறதே. பிரிக்க முடியாதது உங்கள் நறநறதான். நாளைக்கே யாராவது அதை ‘நறப்பு’ என்று சுருக்குவார்கள்.

கிளிநொச்சி:

சரி, நேரமில்லை. கீச்சு, அரைவு, தட்டு என்று அச்சுக்குக் கொடுக்கிறேன். மாங்குளத்து அண்ணை சொன்னபடி கீச்சுக்குக் கீழே ‘பாட்டின் தடிப்பைப் பார்த்த பின் முடிவு செய்க’ என்று ஒரு வரி. நறநறப்பு எனக்கும் பிடித்ததுதான், ஆனால் பெரும்பாலானோர் அரைவு என்கிறார்கள். பிறேக் பிறேக்காகவே இருக்கட்டும், ஐயா மன்னிக்க வேண்டும்.

வவுனியா:

பிறேக்கை விடுங்கள். அதே குறிப்பில் டிஸ்க்குக்குத் ‘தட்டு’ என்று போட்டிருக்கிறார்களே, பார்க்கவில்லையா? ‘தட்டில் தட்டு’ என்று ஒரு பிள்ளை விடை எழுதினால் எதைத் திருத்துவீர்கள்? என் எதிர்ப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.